கம்பெனி பஸ் வரும், பள்ளிக்கூட பஸ் வராது

(ஒரகடம் அருகே ஒரு கிராமத்தில் நடந்த மாலைப் பாடசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'கல்வியும் சமூகநீதியும்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பேசப் படித்தவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நான் பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்தது பஸ். அதனால் பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முடிக்கும்போது தலைப்புக்கு வந்து சேர்ந்திருந்தால் சரி.

காலை ஏழே முக்காலுக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். மூன்று வகை பஸ் போகும். ஒன்று எங்களுடைய கம்பெனி பஸ், ஜெனரல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவது. இரண்டாவது மஞ்சள் நிறத்தில் தனியார் பள்ளி வண்டி. மூன்றாவது அரசு டவுன் பஸ், படிக்கட்டில் ஆள் தொங்க வருவது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இந்த மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருக்கிறது. எங்களுடையது கான்ட்ராக்ட் கேரேஜ். ஒப்பந்தம் போட்டவரின் ஆட்களை ஏற்றலாம், வழியில் கை காட்டுகிறவரை ஏற்றக் கூடாது. மஞ்சள் வண்டி கல்வி நிறுவனப் பேருந்து. அந்தப் பள்ளியின் மாணவரும் ஊழியரும் மட்டும். அரசு பஸ் ஸ்டேஜ் கேரேஜ். டிக்கெட்டோ பாஸோ இருந்தால் யாரும் ஏறலாம், நிறுத்தினால்.

இந்த மூன்றும் கடந்து போகிற சாலை ஓரத்தில் எங்கள் காலனிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு நிற்கிறார்கள். மூன்றில் எது அவர்களுடையது என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

காலனி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, மறுக்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் ஊர்ப் பக்கம் இருப்பதும், எங்கள் பக்கத்திலிருந்து நடந்து போய்த்தான் அங்கே நிற்க வேண்டும் என்பதும் பெயர்ப் பலகையை மாற்றுவதால் மாறாது. அது மாறுகிற வரைக்கும் நான் காலனி என்றே சொல்வேன்.

முதலில் என் பஸ். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990-களின் கடைசியில் வண்டி செய்யத் தொடங்கியது. அப்புறம் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், பாக்ஸ்கான். இவற்றுக்கு உதிரி செய்து கொடுக்கும் வெண்டார் கம்பெனிகளை எண்ணி முடியாது. அத்தனைக்கும் ஆள் வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். அதனால் நாங்கள் மூன்றரைக்கு எழுந்து உத்திரமேரூர், செய்யாறு பக்கமெல்லாம் போய் ஆள் ஏற்றுகிறோம். எந்தக் கிராமத்தில் எத்தனை பேர், யார் எந்த முனையில் நிற்பார், மழைக்காலத்தில் எந்தப் பாதையில் சக்கரம் புதையும், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. பல ஊர்களில் காலனி வாசலுக்கே போகிறோம். பெண்கள் இருட்டில் நடக்கக் கூடாது என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. சாதி கேட்பதில்லை. இதைப் புரட்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லைன் நின்றால் அவர்களுக்கு நட்டம், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு உண்மை இதில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குள் பஸ் வர முடியும். சாலை குறுகல், திருப்ப இடமில்லை, கூட்டம் போதாது என்று இத்தனை வருடம் சொன்ன காரணம் ஒன்றும் உண்மையான காரணம் இல்லை. நான் தினமும் திருப்புகிறேன்.

அரசும் மனம் வைத்தால் செய்யும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 பேர் தங்கும் விடுதியை 706 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வேலைக்கு வருகிறவர் எங்கே தூங்குவார், எப்படி வருவார் என்று இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் எப்படிப் பள்ளிக்குப் போனாள் என்று யோசிக்கத் தெரியாதா?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்போடு நின்ற மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். ஸ்டாப்புக்கு நடந்து, நிற்காத பஸ்ஸுக்குக் காத்திருந்து, நிற்கிற பஸ்ஸில் தொங்கி, மாலை இருட்டில் திரும்பி வர வேண்டும். முதல் வருடம் ஒருத்தி நின்றாள். துணை போனதும் மற்ற இருவரையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரும் இன்று என் பஸ்ஸில்தான் வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள் லைனில் நிற்கிறார்கள். இவர்கள் அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் கழிவறை கழுவுகிறார்கள். ஆறு கிலோமீட்டர் பள்ளிக்குப் போக வண்டி வராத அதே வாசலுக்கு, பதினெட்டு வயதானதும் நாற்பது கிலோமீட்டர் அழைத்துப் போக வண்டி வந்தது. அந்த வண்டியை ஓட்டுவது நான்.

அடுத்து மஞ்சள் வண்டி. இது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டிய கதை.

எங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. என் அப்பா அதில் படித்தபோது தண்ணீர்ப் பானையைத் தொட முடியாது. நான் படித்தபோது தொடலாம், ஆனால் தனியாக உட்கார வைத்தார்கள். என் மகன் சேரும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொல்வதற்கு ஊர்ப் பிள்ளைகள் அங்கே இல்லை. நிலத்தை விற்ற பணம் கையில் வந்ததும், ஊர்த் தெருவுக்குள் மஞ்சள் வண்டி வரத் தொடங்கியது. ஐந்தாறு வருடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மெட்ரிக் பள்ளிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கும் போய்விட்டார்கள். அரசுப் பள்ளியில் மிச்சம் இருப்பது எங்கள் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும். இப்போது ஊரில் அதற்கு 'சேரிப் பள்ளி' என்று பெயர். கட்டடம் ஓரடி நகரவில்லை. யாரையும் வெளியே தள்ளவில்லை, கதவை அடைக்கவில்லை. ஒரு வண்டி வந்து ஒரு பக்கத்துப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான் நடந்தது. நம் பெரியவர்கள் அறுபது வருடம் போராடி ஒரே பெஞ்சில் உட்கார வந்தார்கள். வந்தபோது பெஞ்சு காலி.

ஆகவே அந்த மஞ்சள் வண்டியில் நம் பிள்ளையும் ஏற வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. கல்வி உரிமைச் சட்டம், 2009. பிரிவு 12(1)(சி): சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை அருகில் வாழும் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, கேன்டீன் கான்ட்ராக்டில் வேலை. மகளுக்கு எல்.கே.ஜி.யில் குலுக்கலில் இடம் கிடைத்தது. தெருவே சந்தோஷப்பட்டது. பள்ளியின் பெயர் வேண்டாம். சேர்க்கைக்குப் போன அன்று ஆபீசில் இருந்தவர், "சீட்டுதாம்மா இலவசம், வேன் இல்லை" என்று சொல்லி ஒரு சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தார். அக்காவின் ஒன்றரை மாதச் சம்பளம். அந்தப் பள்ளிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஆறுவழிச் சாலை. அக்கா ஐந்து மணிக்கே ஷிப்டுக்குப் போய்விடுகிறவர். நான்கு வயதுப் பிள்ளை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தானாகச் சாலை கடக்குமா? "தம்பி, சீட்டு வாங்கிக் கொடுத்த கவர்மென்ட்டு அதுல உக்காரப் போறதுக்கு வழி சொல்லலையே" என்று என்னிடம் கேட்டார். இரண்டாவது மாதம் பிள்ளையை அங்கன்வாடியிலேயே திரும்பச் சேர்த்தார். பள்ளியின் கணக்கில் அந்தப் பிள்ளை 'தானாக விலகியவர்'.

இதில் எங்கே தவறு என்று தேடினால் ஒரு கிலோமீட்டரில் போய் நிற்கும். 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பிக்கப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. நடந்து போகும் தூரம், ஆகவே வண்டி தேவையில்லை என்பது அதன் தர்க்கம். தாளில் சரிதான். ஆனால் கிலோமீட்டரை யார் அளந்தது? வரைபடத்தில் கோடு போட்டால் எங்கள் தெரு பள்ளிக்கு அரை மைல்கூட இல்லை. காலால் நடந்தால் மேம்பாலத்தைச் சுற்றி, யூ டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். இன்னொரு காலனி இதற்கு நேர் எதிர். ஊரிலிருந்து தள்ளியே கட்டப்பட்டதால் ஒரு கிலோமீட்டரை நூறு இருநூறு மீட்டர் தாண்டிவிடுகிறது. ஊர்ப் பிள்ளை எல்லைக்குள், காலனிப் பிள்ளை எல்லைக்கு வெளியே. சேரியை ஊருக்கு வெளியே வைத்தது யார்? சாதி வைத்த தூரத்தை இன்று விதி அளந்து, உனக்குத் தகுதி இல்லை என்கிறது. கருவி புதிது, அளவு பழையது.

அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) இருக்கிறது. தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாக இருக்கக்கூடிய எந்தக் கட்டணமும், எந்தச் செலவும் ஒரு பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்பது அதன் பொருள். அந்த அக்காவின் மகளைத் தடுத்தது எது? வேன் கட்டணம். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம், இந்தப் பிள்ளைகளின் சீருடை, நோட்டு, பாடப்பொருள் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோட்டுப் புத்தகத்துக்குப் பொருந்துகிற நியாயம் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிற பயணத்துக்கும் பொருந்தும் என்பது என் வாதம். வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறீர்கள், இதைக் கையில் எடுக்க வேண்டும்.

2025-ல் சீட்டுக்கே ஆபத்து வந்தது நினைவிருக்கும். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிதியை நிறுத்தியது. நிதி வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையைத் தொடங்கவில்லை. உயர்நீதிமன்றம் தலையிட்டு, பள்ளி திறக்கும் முன்பே தொடங்க வேண்டியது அக்டோபரில் தொடங்கியது. டெல்லி செய்தது அப்பட்டமான மிரட்டல். ஆனால் அதற்குப் பதிலாக நம் பிள்ளைகளைத்தான் காத்திருக்க வைக்க வேண்டுமா என்று சென்னையையும் கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, அரசு பஸ். இதைப் பற்றி நான் கெட்டதாக மட்டும் பேச மாட்டேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை கொடுக்கும் மாநிலம் இது. புது அட்டை வரும் வரை சீருடையைக் காட்டினால் போதும் என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது எது என்றால், பெண்ணா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. எந்தச் சாதி, எவ்வளவு வருமானம், எங்கே வேலை, ஒன்றும் இல்லை. ஏறு, உட்கார். தகுதி என்ற சொல்லே அங்கே செத்துப்போனது.

பிரச்சினை, பாஸ் கையில் இருக்கிறது, பஸ் நிற்கவில்லை. நானும் டிரைவர் என்பதால் அந்த டிரைவரின் மனதும் தெரியும். கலெக்‌ஷனுக்குத் தக்க பேட்டா. பாஸ் பிள்ளைகள் முப்பது பேர் ஏறினால் வண்டி கனக்கும், கலெக்‌ஷன் ஏறாது. தொங்குகிற பிள்ளை விழுந்தால் சஸ்பெண்ட் ஆவதும் அவர்தான். அவரைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு ஸ்டாப்பில் இத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் அந்த நேரத்துக்கு இன்னொரு வண்டி விடாதவரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்டாப் என்பதும் சாதாரண இடம் இல்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினோராம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரைத் தேர்வுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். பள்ளிக்குள் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று பேசுகிறோம், பேச வேண்டும். பள்ளிக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணம் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

பஸ்ஸில் சாதி ஏறியது நேற்று இல்லை. அண்ணல் அம்பேத்கர் பத்து வயதில், 1901-ல், மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பாவைப் பார்க்க கோரேகாவ் போக வண்டி தேடிய கதை உங்களுக்குத் தெரியும். இரட்டை வாடகை தருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் தாமே மாட்டை ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரர் கூட நடந்து வர ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி கிடைத்தது. காசு இருந்தது, வண்டி இருந்தது, மாடு இருந்தது. நம் மாகாணத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்று பஸ் டிக்கெட்டிலேயே அச்சடித்த முதலாளிகள் இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு ஏற்றினார்கள். மனம் திருந்தியா ஏற்றினார்கள்? லைசென்ஸ் போய்விடும் என்றுதான். 1929 பிப்ரவரியில் நம் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1997-ல் என்ன நடந்தது? விருதுநகர் பக்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்றது. உத்தரவு போட்ட சௌந்தரபாண்டியன் எங்கே, பெயரை எடுத்தவர்கள் எங்கே.

தம்பிகளில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார்: "அண்ணா, தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மக்கள் பணத்தில் ஏன் பஸ்? அது தனியார்மயத்துக்குத் துணை போவது இல்லையா?" நல்ல கேள்வி. இதே கேள்வி அமெரிக்காவில் 1947 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எவர்சன் வழக்கு என்று பெயர். நியூ ஜெர்சியில் ஒரு ஊரின் கல்வி வாரியம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பஸ் கட்டணத்தைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்தது. மதப் பள்ளிக்கு மக்கள் பணமா என்று ஒருவர் வழக்குப் போட்டார். ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு: கொடுக்கலாம். பள்ளி எதுவானாலும் வாசலில் போலீஸ் நின்று பிள்ளையைச் சாலை கடக்க வைக்கிறார், தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வருகிறது, பஸ்ஸும் அப்படித்தான் என்பது நீதிபதி ஹியூகோ பிளாக் சொன்ன நியாயம்.

அதே 1947-ல், அதே நாட்டில், தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுன்ட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளி பஸ். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்பது மைல் வரை நடந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோர் காசு சேர்த்து ஒரு பழைய பஸ் வாங்கினார்கள். பெட்ரோலாவது கொடுங்கள் என்று வாரியத்தைக் கேட்டார்கள். அதுவும் மறுப்பு. லீவை பியர்சன் என்ற விவசாயி தன் பிள்ளைகளுக்காக மனுப் போட்டு, வழக்குக்கும் போனார். வழக்கு எப்படித் தள்ளுபடி ஆனது தெரியுமா? அவருடைய நிலம் பள்ளி மாவட்ட எல்லைக் கோட்டில் இருக்கிறது, வரி கட்டுவது இந்த மாவட்டத்தில் இல்லை, ஆகவே கேட்கத் தகுதி இல்லை. நம் ஒரு கிலோமீட்டர் ஞாபகம் வருகிறதா? அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள், விளைச்சலை விற்க விடவில்லை. ஆனால் ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியாரும் ஊர் மக்களும் விடவில்லை. பஸ் கேட்ட வழக்கு, பள்ளியே சமமாக வேண்டும் என்ற வழக்காக வளர்ந்தது. பிரிக்ஸ் எதிர் எலியட். 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று சொன்ன பிரவுன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. அவ்வளவு பெரிய தீர்ப்பின் ஒரு வேர், ஒரு பஸ்ஸுக்குப் போட்ட மனுவில் இருக்கிறது.

தம்பியின் பயம் பொய்யில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி 1959-லிருந்து ஐந்து வருடம் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போக உதவித்தொகை. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் மஞ்சள் வண்டி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான், அரசாணை இல்லாமல் நடந்தது.

அதனால் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளி வேனுக்கு அரசு டீசல் போட வேண்டாம். ஊர், காலனி இரண்டு பக்கத்துப் பிள்ளையும் ஏறும் அரசு பஸ் காலனிக்குள் வரட்டும். எந்தச் சீருடை என்று பார்க்காமல் ஏற்றட்டும், பெண்களை ஏற்றுவதைப் போல. 25 விழுக்காட்டில் சேர்ந்த பிள்ளைக்கு மட்டும், பள்ளி வண்டி ஏற்கெனவே அந்த வழியாகப் போனால் அதில் கட்டணமில்லாத இடம் சீட்டின் ஒரு பகுதி என்று அரசு உத்தரவு போடட்டும். அந்தச் சீட்டை அரசுதானே வாங்கிக் கொடுத்தது. கோத்தாரி குழு 1966-லேயே சொன்ன பொதுப் பள்ளி முறை, அருகமைப் பள்ளி வந்தால் இந்த 25-ம் வேண்டாம், மஞ்சள் வண்டியும் வேண்டாம். அது வரும் வரை அந்த அக்காவின் மகளை நான் கொள்கைக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளி பஸ்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. தரை, கதவு, படிக்கட்டு உயரம், உதவியாளர் எல்லாம் அதில் உண்டு. சரி. வேன் கட்ட முடியாமல் ஷேர் ஆட்டோவில் பதினான்கு பேராக அடைந்து போகும் நம் பிள்ளைக்கு எந்த விதி?

இனி செய்ய வேண்டியது. என் தொழில் சார்ந்த ஒரு யோசனை. காலை ஆறரைக்கு முதல் ஷிப்ட் ஆளை இறக்கிய பிறகு பகல் ஒரு மணி வரை எங்கள் பஸ்கள் சாலை ஓரத்தில் சும்மா நிற்கின்றன. வல்லக்கோட்டை பக்கம் போனால் வரிசையாகப் பார்க்கலாம், டிரைவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்போம். பள்ளி நேரம் எட்டேகாலிலிருந்து ஒன்பது. நான் ஒரு ரூட் எழுதிப் பார்த்தேன். ஆறு காலனி, மூன்று அரசுப் பள்ளி, இரண்டு தனியார் பள்ளி, 22 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஒரு வண்டி போதும். மாலைக்கு மட்டும் நேரம் இடிக்கிறது, அதற்கு இரண்டாவது ஷிப்டை இறக்கிவிட்டு நிற்கும் வேறு வண்டி வேண்டும். பர்மிட் இடிக்கும் என்பார்கள். இடிக்கும்தான், எங்களுடையது கான்ட்ராக்ட் கேரேஜ். ஆனால் ஒப்பந்தம் போடுவது அரசோ ஊராட்சியோ என்றால், ஏறுகிற பிள்ளைகள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்தானே. வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அவர் ஒரு கூட்டம் கூட்டினால் பேச வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்கள்.

கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். பணம் கேட்கலாமே என்று ஒருவர் சொன்னார். கேட்கலாம். ஆனால் பஸ் பக்கவாட்டில் கம்பெனி பெயரை எழுதி, நம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அடுத்த வருடம் மேனேஜர் மாறியதும் நிறுத்திவிடுகிற பஸ் நமக்கு வேண்டாம். பணம் எங்கிருந்து வந்தாலும் ஓட்டுகிற பொறுப்பு அரசின் கையில் இருக்க வேண்டும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தையும் பாருங்கள். பஸ் போகாத பகுதிக்குத்தான் அது. நம் காலனிகளை அந்த வழித்தடத்தில் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அது தனியார் வண்டி, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில்தான். அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பணமே இல்லை என்று சொன்னால், சமக்ர சிக்ஷாவில் போக்குவரத்து, வழித்துணைக்கு என்றே எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தலைப்பு இருக்கிறது. பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2010 கல்வி உரிமை விதிகளும் சொல்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெண்கள் இருக்கிறார்கள். தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், எத்தனை பிள்ளை, எந்தத் தெரு, நடந்து போகும் தூரம் எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தூரத்தை வரைபடத்தில் அளக்க விடாதீர்கள். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி வரைக்கும் நடந்து, ஆன நேரத்தைக் குறித்து எழுதுங்கள்.

அடுத்த கிராம சபையில் இதே தீர்மானம் வர வேண்டும். வருடத்துக்கு ஆறு சபை நடக்கிறது, ஒன்றிலாவது தெருவிளக்கைத் தவிர வேறு ஏதாவது பேசலாம். ஊர்ப் பக்கத்திலும் வேன் கட்ட முடியாமல் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன, எனக்கே நான்கைந்து பேரைத் தெரியும். அவர்களையும் கேளுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டாலும் தீர்மானம் போகட்டும்.

மனுவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. தங்கை ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்தார். உங்கள் தெருவின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர்கள் போகும் பள்ளி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். இந்த ஐந்தையும் நிரப்பினால் போதும், ரூட் நான் போட்டுத் தருகிறேன். நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட், மூன்றரைக்கு எழ வேண்டும். ஜெய்பீம்.